ஷெட்டை விட்டுக் கிளம்பாத வண்டிகள்

அரசுப் பேருந்து ஓட்டுநர், நடத்துநர் தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, தம்பிகளே, டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இப்போது இந்த வேலைக்கு வரத் தொடங்கியிருக்கும் சகோதரிகளே,

நான் ஒரு ஓட்டுநரின் மகள். என் அப்பா 31 வருடம் பஸ் ஓட்டினார். முதலில் டவுன் பஸ், பிறகு வெளியூர் லைன். நான் உடலியங்கியல் படித்து மருத்துவ மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் இன்சுலினைப் பற்றிப் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் இடது கால்தான் ஞாபகத்துக்கு வரும். டியூட்டி முடிந்து வந்து திண்ணையில் உட்கார்ந்து, கிளட்ச் மிதித்து மிதித்து வீங்கிப்போன கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்துவார். அழுத்திய இடத்தில் குழி விழும். அந்தக் குழி மெல்ல மேலெழும்பி வரும்வரை எதுவும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். மணி பத்தரை ஆகியிருக்கும். வட்டில் நிறையச் சோறு, மேலே ஒரு ரசம் சோறு, உடனே படுக்கை. மறுநாள் விடிகாலை 4 மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும்.

46 வயதில் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்வார்கள், லைட் டியூட்டி என்று ஒரு மூலையில் உட்கார வைப்பார்கள், பேட்டா போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் உங்களில் பலருக்கு இன்றும் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இந்த மடலில் யாரையும் பயமுறுத்தப் போவதில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் உடம்புக்குள் எந்தெந்தச் சுரப்பு என்ன செய்கிறது, எழுந்து நடந்தால் அவை எப்படி மாறுகின்றன என்பதை உங்கள் பாஷையிலேயே சொல்லப் பார்க்கிறேன். அப்பா ஓய்வுபெற்ற பிறகுதான் அவருக்கு இதை உட்கார்ந்து விளக்கினேன். முழுதாகக் கேட்டுவிட்டு, “இதை ஏம்மா அப்பவே சொல்லல?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

முகூர்த்த நாள் சாயங்காலத்து பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நெரிகிறது. அந்தக் கூட்டம்தான் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை. நாம் சாப்பிட்ட இட்லியும் பரோட்டாவும் சோறும் குளுக்கோஸாக மாறி ரத்தத்துக்கு வந்துவிட்டது. அது போய்ச் சேர வேண்டிய முக்கியமான ஊர் தசை. சாப்பாட்டுக்குப் பிறகு இன்சுலினின் வேலையால் செல்களுக்குள் போகும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது எலும்போடு ஒட்டிய தசைகள்தான். அதிலும் நம் உடம்பின் பெரிய தசைகள் இடுப்பிலும் தொடையிலும் இருக்கின்றன.

ஆனால் குளுக்கோஸ் தானாக நடந்து தசைக்குள் போய்விட முடியாது. ஏற்றிக்கொண்டு போக வண்டி வேண்டும். குளூட்-4 என்ற ஒரு புரதம்தான் அந்த வண்டி. இந்தப் புரதம் எப்போதும் செல்லின் வாசலில் நிற்பதில்லை. பெரும்பகுதி உள்ளே, சின்னச் சின்னப் பைகளில், ஷெட்டில் வரிசையாக நிறுத்திய பஸ் மாதிரி அடைந்து கிடக்கும். சாப்பிட்டதும் கணையத்திலிருந்து இன்சுலின் வருகிறது. இன்சுலின்தான் டைம் கீப்பர். அவர் விசில் கொடுத்ததும் வண்டிகள் ஷெட்டை விட்டு வாசலுக்கு வருகின்றன, கூட்டத்தை ஏற்றிக்கொள்கின்றன, ஸ்டாண்டு காலியாகிறது.

நம்மில் பெரும்பாலானோருக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவில் முதலில் கெடுவது இந்த இடம்தான். டைம் கீப்பர் விசில் ஊதுகிறார், வண்டிகள் கிளம்புவதில்லை. இதற்கு இன்சுலின் எதிர்ப்பு என்று பெயர். கணையம் என்ன செய்யும்? இன்னும் பலமாக ஊதும். அதனால்தான் ஆரம்ப வருடங்களில் பலருடைய ரத்தத்தில் இன்சுலின் குறைவாக இருப்பதில்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே இருக்கும். இப்படியே பல வருடம் ஊதிக் களைத்த பிறகு அதைச் சுரக்கும் பீட்டா செல்கள் ஓய்ந்துபோகின்றன. அதற்குள் ஸ்டாண்டில் தேங்கிய கூட்டம் சும்மா இருந்திருக்காது. கண்ணின் நுண்ணிய ரத்தக்குழாய், சிறுநீரகத்தின் வடிகட்டி, பாதத்து நரம்பு என்று நெரிசலில் எது மிதிபடும் என்று சொல்ல முடியாது.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் தயவுசெய்து இரண்டு தரம் படியுங்கள். அந்த வண்டிகளை வெளியே கொண்டுவர இன்னொரு விசில் இருக்கிறது. அதற்கு இன்சுலின் தேவையில்லை. தசை சுருங்கி விரிந்தால் போதும். நடக்கும்போது தொடைத் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதற்குள் கால்சியம் பாய்கிறது, இருப்பில் உள்ள எரிசக்தி குறைகிறது. குறைவதை ஏ.எம்.பி.கே. என்ற நொதி கண்டுகொள்கிறது. இந்த இரண்டு சேதியும் நேராக ஷெட்டுக்குள் போய் அதே குளூட்-4 வண்டிகளைக் கிளப்பிவிடுகின்றன. இன்சுலினின் சொல் எடுபடாமல் போனவர்களிடம்கூட இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் பழுதில்லாமல் இருக்கிறது. இருபது வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்கும் கால் அசைந்தால் வண்டி கிளம்பும்.

நடை நின்ற பிறகும் வேலை முடிவதில்லை. பாடுபட்ட தசையில் சேமிப்புச் சர்க்கரை குறைந்திருக்கும். அதை நிரப்பிக்கொள்ளும்வரை, சுமார் 24 முதல் 48 மணி நேரத்துக்கு, சில சமயம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிகொடுக்கும். இன்று நடந்தால் நாளை மத்தியானச் சாப்பாட்டுக்கும் சேர்த்து நடந்ததாகக் கணக்கு. பிறகு அந்தக் கூர்மை மங்கிவிடுகிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்றுகிறவருக்கு வியாழக்கிழமை அதன் பலன் மிச்சம் இருக்காது.

இனி ஓட்டுநர் இருக்கைக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசுவதில்லை.

காலை ஒன்பது மணி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்குகிறார்கள். இடதுபக்கம் ஒரு ஷேர் ஆட்டோ. வலதுபக்கத்திலிருந்து ஒரு பைக் திடுமென்று குறுக்கே பாய்கிறது. பிரேக்கை ஏறி மிதிக்கிறீர்கள். வண்டி குலுங்கி நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. அந்த ஒரு நொடியில் சிறுநீரகத்தின் மேல் தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாய்ந்திருக்கிறது. ஆபத்து வந்துவிட்டது, ஓடு அல்லது சண்டைபோடு என்பது அதன் உத்தரவு. ஓடுவதற்கு எரிபொருள் வேண்டுமே என்று கல்லீரல் தன் கிடங்கைத் திறந்து சர்க்கரையை ரத்தத்தில் இறக்குகிறது. அந்த எரிபொருளை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று இன்சுலின் சுரப்பும் அடக்கி வைக்கப்படுகிறது. சற்று நேரத்தில் கார்டிசாலும் வந்து சேர்கிறது. அதுவும் சர்க்கரையை ஏற்றும் சுரப்புதான்.

உடம்பு ஓடத் தயாராகிவிட்டது. நீங்களோ சீட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓடவும் முடியாது, சண்டைபோடவும் கூடாது. கல்லீரல் இறக்கிய சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டிய பெரிய தொடைத் தசைகள் சீட்டோடு சீட்டாக ஒட்டிக் கிடக்கின்றன. கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கியாயிற்று, ஏற்றிச் செல்ல ஒரு வண்டியும் இல்லை. ஒரு டிரிப்பில் இப்படி எத்தனை முறை? ஒரு டியூட்டியில்? கடைசி ஸ்டாப்பில் இறங்கி, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயை வேறு குடித்துவிட்டு, அடுத்த சிங்கிளுக்கு ஏறிவிடுகிறீர்கள்.

இங்கேதான் என் மாணவர்கள் எப்போதும் ஒரு சந்தேகம் கேட்பார்கள். நடக்கும்போதும் அட்ரினலின் கூடுகிறது, இன்சுலின் குறைகிறது, குளுக்ககான் ஏறுகிறது. அப்படியானால் சர்க்கரை ஏறத்தானே வேண்டும்? நல்ல கேள்வி. குளுக்ககான் என்பது இன்சுலின் பிறக்கும் அதே கணையத்தில், பக்கத்திலேயே இருக்கும் ஆல்ஃபா செல்லிலிருந்து வரும் சுரப்பு. இன்சுலின் சர்க்கரையை இறக்கும், குளுக்ககான் கல்லீரலிடம் சொல்லி ஏற்றும். நடக்கும்போது குறைந்த இன்சுலினும் கூடிய குளுக்ககானும் அட்ரினலினும் அதே கல்லீரலைத்தான் திறக்கின்றன. வித்தியாசம் வாங்குகிற பக்கத்தில் இருக்கிறது. கால் நடந்துகொண்டிருப்பதால் இரண்டாவது விசில் ஊதிக்கொண்டே இருக்கிறது, இறங்குகிற சர்க்கரை இறங்க இறங்க எரிகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் மிதமான வேகத்தில் நடக்கும்போது கல்லீரல் கொடுப்பதைவிடத் தசை எடுப்பது அதிகமாகிவிடுகிறது. அதனால்தான் நடந்து முடித்துப் பார்த்தால் மீட்டரில் அளவு குறைந்திருக்கிறது. பிரேக் மிதித்தபோது சுரந்த அதே அட்ரினலின்தான் இது. உடம்பு அதைச் சுரப்பது கால் ஓடுவதற்காக. இப்போது கால் உண்மையிலேயே நடக்கிறது.

மிதமான வேகம் என்றேன். ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: “அக்கா, நடந்தா குறையும்னீங்க. நான் கிரவுண்டை உயிரைக் கொடுத்து நாலு ரவுண்டு ஓடிட்டுப் பார்த்தேன், முன்ன இருந்ததைவிட நாப்பது கூடக் காட்டுது. எனக்கு இதெல்லாம் ஒத்துக்காது.” அவருக்கு ஒத்துக்கொள்ளாமல் இல்லை. உயிரைக் கொடுத்து ஓடும்போது அட்ரினலின் பல மடங்கு எகிறும், கல்லீரல் வாரி இறைக்கும், தசை எடுப்பதைவிட வருவது அதிகமாகிவிடும். கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கிவிடும், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஏரோபிக் பயிற்சி என்று மருத்துவர் சொல்வது அதையல்ல. மூச்சு வேகமாக வர வேண்டும், பக்கத்தில் வருபவரிடம் பேசவும் முடிய வேண்டும், பாட்டுப் பாட மட்டும் முடியக் கூடாது. அந்த வேகத்தில் தொடர்ந்து பத்து நிமிடமாவது நடப்பது, சைக்கிள் மிதிப்பது, நீந்துவது. நடத்துநர்கள் கேட்பார்கள், நாங்கள் நாள் முழுக்க நிற்கிறோமே என்று. நிற்பதும், நெரிசலில் அடி அடியாக நகர்வதும் காலை வலிக்கவைக்கும், இந்த வேலையைச் செய்யாது. வலிக்கும் காலோடு இன்னும் நடக்கச் சொல்கிறேனே என்று எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

“ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான், காலையில வெறும் வயித்துல 180 காட்டுது” என்ற புலம்பலை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். அந்தச் சர்க்கரை சப்பாத்தியிலிருந்து வரவில்லை, உங்கள் கல்லீரலிலிருந்து வருகிறது. நீரிழிவில் குளுக்ககான் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. அதோடு விடியற்காலையில் கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் இயற்கையாகவே கூடும். இன்சுலினின் பேச்சைக் கேட்காத, கொழுப்பு ஏறிய கல்லீரல் இரவெல்லாம் கிடங்கைத் திறந்தே வைத்திருக்கிறது. இதற்கு ஒரு நாள் நடை போதாது. மாதக்கணக்கில் தொடர்ந்து நடந்தால் கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைகிறது. எடை மெஷினில் பெரிய மாற்றம் தெரியாவிட்டாலும் குறைகிறது. தொப்பை அப்படியேதான் இருக்கு, நடந்து என்ன பிரயோஜனம் என்று விட்டுவிடுகிறவர்களுக்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

தசையும் ஒரு சுரப்பி என்று நாங்கள் படித்த காலத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. கோபன்ஹேகனில் பென்டே பெடர்சன் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2000 வாக்கில், வேலை செய்யும் கால் தசையிலிருந்தே இன்டர்லூகின்-6 என்ற பொருள் ரத்தத்தில் கலப்பதைக் காட்டினார்கள். இப்படித் தசை அனுப்பும் சேதிகளுக்கு மயோகைன் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் எலிகளில் செய்த ஆய்வுகளில், இந்தச் சேதி குடலுக்கும் கணையத்துக்கும் போய் ஜி.எல்.பி.-1 என்ற சுரப்பைக் கூட்டுவது தெரிந்தது. இன்று விற்கும் எடை குறைக்கும் ஊசிகள் இந்த ஜி.எல்.பி.-1-ஐப் போலவே நடிப்பவைதான். பத்து நிமிட நடை அந்த ஊசிக்குச் சமம் என்று நான் சொல்ல வரவில்லை, சமமும் இல்லை. ஆனாலும் நம் கால்களுக்கு அந்தப் பாஷை தெரியும் என்று அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் தொழிலைப் பற்றி உலகமே படிக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது, தெரியுமா? லண்டனில் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1949 முதல் அந்த ஊர் மாடி பஸ் தொழிலாளர்களைக் கவனித்து வந்தார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் ஒரு ஷிஃப்டில் 500 முதல் 750 படிகள் ஏறுவார். சம்பளம், வீடு, குடும்பம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக வந்தது. வந்தாலும் சட்டென்று உயிரை எடுப்பது ஓட்டுநர்களிடம்தான் அதிகம். 1953-இல் அது அச்சானது. உடலுழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைப் பேசும் அறிவியல் துறையே அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். மாரிஸ் நேர்மையானவர். பிறகு பஸ் கம்பெனியின் யூனிஃபார்ம் கணக்கை வாங்கி இடுப்பளவைப் பார்த்தார். ஓட்டுநராகச் சேர்ந்தவர்களுக்குச் சேரும்போதே இடுப்பு கொஞ்சம் பெரிதாக இருந்தது. எனவே எல்லாப் பழியையும் சீட்டின் மேல் போட முடியாது என்று அவரே எழுதினார். அந்த ஆய்வு இதயத்தைப் பற்றியது, சர்க்கரையைப் பற்றியது அல்ல என்பதையும் நான் மறைக்கவில்லை. என்றாலும் பஸ் ஓட்டுகிறவரின் உடம்பை வைத்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இன்னும் நம் ஷெட்டுகளுக்கு வந்து சேரவில்லையே என்பது என் ஆதங்கம்.

சர்க்கரைக்கான சான்று சீனாவிலும் நம் சென்னையிலும் இருக்கிறது. சீனாவின் டாச்சிங் நகரத்தில் 1986-இல், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த 577 பேரை ஆறு வருடம் பின்தொடர்ந்தார்கள். உடற்பயிற்சி மட்டும் செய்த குழுவில் நோய் வரும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து மூன்று வருடம் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. எந்த மாற்றமும் செய்யாதவர்களில் 55 சதவீதம் பேர் மூன்றே வருடத்தில் நீரிழிவுக்காரர்கள் ஆனார்கள். நடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம்மைப் போல அரிசிச் சோறு சாப்பிட்டு, நம்மைப் போலவே வேலைக்குப் போன மனிதர்களிடம், எடை பெரிதாகக் குறையாமலே கிடைத்த பலன் அது. 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது. விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். உங்கள் டிப்போவிலும் அந்த விளிம்பில் நிற்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களில் பலருக்கு அது தெரியாது.

சரி, எப்போது நடப்பது? விடிகாலை 4 மணிக்கு வண்டி எடுக்கிறவரிடம் காலையில் ஒரு மணி நேரம் பார்க்கில் நடங்கள் என்று சொல்வது அவரைக் கேலி செய்வதற்குச் சமம். நல்லவேளையாக அது தேவையும் இல்லை. நியூசிலாந்தில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுள்ள 41 பேரை இரண்டு வாரம் தினம் ஏதாவதொரு நேரத்தில் 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். இன்னொரு இரண்டு வாரம் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம். மொத்த நடை ஒன்றுதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை, பத்துப் பத்தாக நடந்தபோது 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். ஸ்டாண்டில் கூட்டம் சேரும் நேரம் சாப்பிட்டு ஒரு மணி நேர வாக்கில்தான். அந்த நேரத்தில் வண்டிகளைக் கிளப்பிவிடுவதில் உள்ள லாபம் இது.

ஆகவே மத்தியானம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பத்து நிமிடம். நைட் ஹால்ட் போகும் ஊரில், சாப்பிட்டதும் பஸ்ஸுக்குள் பாயை விரிக்காமல், வெளிச்சமுள்ள தெருவில் கால் மணி நேரம். ஓட்டுநரும் நடத்துநரும் சேர்ந்தே நடங்கள், கலெக்‌ஷன் கணக்கை நடந்துகொண்டே பேசலாம். வாரத்துக்கு 150 நிமிடம் சேர்ந்தால் மருத்துவ உலகம் கேட்பது வந்துவிடும். தூக்கத்தை மட்டும் இதற்காக வெட்டாதீர்கள். நல்ல ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு தலா நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள், 1999-இல். அதற்குள்ளாகவே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் இறங்கியது, சாயங்காலக் கார்டிசால் ஏறியது. டபுள் டியூட்டி பார்ப்பவருக்கு வருடம் முழுக்க அதுதான் கதி.

ஓட்டுநர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் நடையைக் கூட்டினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும், சில சமயம் பல மணி நேரம் கழித்துக்கூட. கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், கண் மங்கும், பேச்சு குழறும். ஸ்டியரிங்கில் இருக்கும்போது அது வந்தால் பின்னால் ஐம்பது உயிர். ஆகவே நடக்கத் தொடங்கும் முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலமோ நாலு சர்க்கரை மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். அறிகுறி தெரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, சாப்பிட்டு, சரியான பிறகு எடுங்கள். டிரிப் லேட்டானால் ஆகட்டும். நடக்கும்போது நெஞ்சு அடைத்தால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போங்கள். ரப்பர் செருப்போடு வேக நடை வேண்டாம், பாதத்தை மூடும் ஷூ வாங்குங்கள்.

சங்கத்துத் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது, டிரிப்புக்கு நடுவே கிடைக்க வேண்டிய ஓய்வு நேரத்தை நெரிசலும் தாமதமும் தின்றுவிடாமல் இருக்க, மத்தியானச் சாப்பாட்டை அடுத்து 15 நிமிடத்தை அட்டவணையிலேயே தனியாக எழுதிக் கேளுங்கள். டிப்போ மதிலை ஒட்டி நடக்க ஒரு பாதையும், நிழலுக்கு நாலு புங்க மரமும், ஒரு விளக்கும் கேளுங்கள். மாவட்டத்துக்கு ஓர் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று அரசு 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தைக் கொண்டுவந்தது, நல்ல விஷயம். ஆனால் உங்கள் கால் நிற்கும் இடம் டிப்போ. சென்னை ஆசியாட் காலனியில் குடியிருப்பவர்கள் சொந்தச் செலவிலேயே ஒரு பூங்கா கட்டினார்கள். வாரத்துக்கு மூன்று நாளுக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் அங்கே ஏழு வருடத்தில் 14.2 சதவீதத்திலிருந்து 58.7 சதவீதமானார்கள். இடம் இருந்தால் ஜனங்கள் நடக்கிறார்கள். சர்க்கரை என்று சொன்னவரைத் தண்டிக்காத ஒரு மெடிக்கல் முறையையும் சேர்த்துக் கேளுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

அப்பாவைப் பற்றி முடிக்காமல் விட்டுவிட்டேன். ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகான நடையை அதில் எழுத ஆரம்பித்தார். பழைய டிரிப் ஷீட் மாதிரியே கோடு போட்டு எழுதுவார். புறப்பாடு 8.40, வழி பிள்ளையார் கோயில், வந்து சேர்ந்தது 9.05, மீட்டர் 178. நடக்காத நாளுக்கு எதிரே ‘வண்டி ஷெட்டில்’ என்று எழுதி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த அளவைக் குறிப்பார். அந்த எண்கள் பெரும்பாலும் 230-ஐத் தாண்டியிருக்கும். ஒரு மனிதரின் நோட்டு அறிவியலாகாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் நம்பியது என் பாடத்தையல்ல, அந்த நோட்டைத்தான்.

இப்போது ஒன்பதாவது நோட்டு ஓடுகிறது. பெருவிரல் பக்கம் உணர்ச்சி ஓட்டுகிற காலத்திலேயே போய்விட்டது, அது திரும்பி வரவில்லை. அதனால் நடைக்குக் கிளம்பும் முன் தினமும் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து, இடது பாதத்தை அதன் மேல் தூக்கிப் பிடித்து, கல்லோ முள்ளோ குத்திய தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு ஷூவை உதறி உள்ளே கைவிட்டுத் துழாவுகிறார். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு, வாசலில் நின்று, “கிளம்பலாமா?” என்று என்னைக் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
ஒரு ஓட்டுநரின் மகள்